கல்யாண பேனரில் வளர்ந்த புல்: எங்கள் வடக்கு கோலைச் சரிசெய்த கதை

எங்கள் ஊர் ஃபுட்பால் மைதானத்தில் தெற்கு கோல் பரவாயில்லை. வடக்கு கோல்தான் வில்லங்கம். மழை பெய்தால் எருமை படுக்கிற குட்டை, வெயில் அடித்தால் களத்துமேடு. முந்தின பொங்கல் டோர்னமெண்டில் எங்கள் கீப்பர் தம்பி அங்கே ஒரு பந்துக்குப் பாய்ந்தான். பந்து கையில் வந்தது, முழங்கைத் தோல் தரையிலேயே தங்கிவிட்டது. "அண்ணா, தெக்குப் பக்கம்னா எத்தன தடவ வேணா டைவ் அடிக்கறேன். இங்க ஆள வுடுங்கண்ணா" என்றான்.

ஊர் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. நான் சொட்டுநீர் சாமான் கடை வைத்திருக்கிறேன். டியூப், டிரிப்பர், ஃபில்டர், மல்ச்சிங் ஷீட். தக்காளி போடுகிறவர்கள்தான் என் வாடிக்கை. புல் வளர்ப்பது என் தொழில் இல்லை. சொல்லப்போனால் புல் முளைக்காமல் இருக்கத்தான் ஷீட் விற்கிறேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆனி மாதத் தொடக்கத்தில் கோல் முன்னால் கொத்திவிட்டு, வரப்பில் இருந்து அருகம்புல்லைப் பிடுங்கி வந்து நட்டோம். நாலு குச்சி நட்டு கயிறு கட்டினோம். மூன்றாம் நாள் கயிறு இல்லை, ஐந்தாம் நாள் புல் இல்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிரில், சாயங்காலம் எங்கள் பையன்கள், ஞாயிறு முழுக்க கிரிக்கெட், நடுப்பகலில் ஆடு. ஆடு மேய்க்கும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஆடு படிச்சிருக்குதா கண்ணு, கயிறு கட்டுனா உள்ள வரக்கூடாதுன்னு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

புல் நட்டு, அது பின்னி, பூட்ஸ் போட்ட கால் தாங்குகிற அளவுக்கு வர சுமார் 90 நாள் வேண்டும். எங்கள் மைதானம் ஒன்பது நாள்கூட சும்மா இருக்காது.

இதே சிக்கல் ஃபுட்பால் உலகக் கோப்பை நடத்துகிறவர்களுக்கும் உண்டு என்பது அப்புறம் படித்துத்தான் தெரிந்தது. 1994-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் டெட்ராய்ட் பக்கத்தில் பாண்டியாக் சில்வர்டோம் என்கிற கூரை மூடிய அரங்கம் ஒன்று. உள்ளே இருந்தது செயற்கைத் தரை, உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவுக்கு வேண்டியது இயற்கைப் புல். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர்கள் புல்லை வெளியே அறுகோணப் பெட்டிகளில் வளர்த்து, உள்ளே கொண்டுபோய் தேன்கூடு மாதிரி அடுக்கிவிட்டார்கள். 2026 உலகக் கோப்பைக்கு 16 மைதானங்களைத் தேர்ந்தெடுத்தபோது அவற்றில் 8-ல் செயற்கைத் தரைதான் இருந்தது. இந்தமுறை மிச்சிகன் ஸ்டேட்டும் டென்னசி பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலை பார்த்தன. பெட்டி போய், தரையில் பிளாஸ்டிக் விரிப்பு வந்துவிட்டது. விரிப்பின் மேல் மணல், மணலில் புல். வேர் கீழே இறங்கப் பார்க்கும், பிளாஸ்டிக் தடுக்கும், வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு போய் விரிக்கலாம்.

இதில் என்ன விசேஷம் என்றால், நர்சரியில் சாதாரணமாக வாங்கும் புல் பாளம் மண்ணில் வளர்ந்தது. அதைச் செதுக்கி எடுக்கும்போது வேரில் பெரும்பங்கு மண்ணிலேயே நின்றுவிடும். வந்து சேர்வது தலையும் கழுத்தும் மட்டும்தான், அது மறுபடி வேர் பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மேல் வளர்ந்ததற்கு ஒரு வேரும் அறுபடாது. நாற்றங்காலில் இருந்து பிடுங்கிய நாற்றுக்கும் குழித்தட்டில் வளர்ந்த நாற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் பக்கம் தக்காளி நாற்றுக்கு எல்லோரும் குழித்தட்டுக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. எனக்கு அதைப் படித்ததும் விளங்கியது. மைதானம் கிடைக்காவிட்டால் போகட்டும், புல்லை வேறு இடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து இறக்கலாம்.

எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கோல் முன்னால் இருக்கும் சின்ன பாக்ஸ் விதிப்படி 18.32 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். ஏறக்குறைய 101 சதுர மீட்டர். பெரிய பாக்ஸ் 665 சதுர மீட்டர், அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பழைய பிளெக்ஸ் பேனர் இருபதுக்குப் பத்து அடியில் ஒன்று 18.6 சதுர மீட்டர் வரும். ஆறு போதும், ஓரத்தில் கொஞ்சம் கழிந்தாலும் மிச்சம் இருக்கும். ஏழாவது ஒன்று சோதனைக்கு.

பேனருக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? நாலு கல்யாணம், இரண்டு காதணி விழா, ஒரு கோயில் திருவிழா. கட்சி பேனர் வேண்டாம் என்று வைத்தேன், நாளைக்கு யாராவது வந்து எங்கள் தலைவர் மேல் எரு கொட்டினாயா என்று கேட்டால் என்ன சொல்வது. பேனரை மூஞ்சி கீழே இருக்கும்படி விரித்தோம். சித்தப்பாவின் தோட்டத்தில் தக்காளி முடிந்து சும்மா கிடந்த கால் ஏக்கர், ஆடி மாதம் முதல் வாரம்.

பேனர் மேல் போட்ட கலவை: கழுவிய மணல் ஏழு பங்கு, அந்த மைதானத்துச் செம்மண் சலித்தது இரண்டு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. உயரம் 4 சென்டிமீட்டர். நார்க்கழிவைப் பச்சையாகப் போடக்கூடாது. உப்பும் கறையும் இருக்கும், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும். இரண்டு பேனரில் மட்டும் மணலுக்கு நடுவில் தென்னை நார் வலை ஒன்றையும் விரித்து வைத்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புல்லுக்கு ஓசூர் போனேன். அங்கே நர்சரிகளில் மெக்சிகன் கிராஸ், கொரியன் கிராஸ் என்று பங்களா வாசலுக்கு விற்பார்கள். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் கிழிந்தால் ஆற நாளாகும். பந்து மைதானத்துக்கு வேண்டியது பெர்முடா. பெர்முடா என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சைனோடான் டாக்டிலான் என்று அறிவியல் பெயர், நம் அருகம்புல்லேதான். பிள்ளையாருக்கு வைப்பதும், களை என்று பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து கொத்துவதும், உலகக் கோப்பையில் வெயில் நகரங்களில் விரிப்பதும் ஒரே குடும்பம். மைதானங்களில் உலகம் முழுக்க ஓடுகிற டிஃப்வே 419 என்கிற ரகம், நம் அருகையும் ஆப்பிரிக்க அருகு ஒன்றையும் சேர்த்து உண்டான கலப்பு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1960-ல் வெளியிட்டார்கள். அதற்கு விதையே பிடிக்காது. கொடியை வெட்டி நட்டுத்தான் பரப்ப வேண்டும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுகிற குணம்தான் விலை.

எனக்குக் கிடைத்தது 'செலக்‌ஷன் ஒன்' என்று விற்கும் மெல்லிய இலை ரகம். 12 சதுர மீட்டர் வாங்கி, கொடியைப் பிரித்து, இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி துண்டு போட்டு, ஆறு பேனருக்கும் நட்டோம். ஒன்றுக்குப் பத்து என்று விரியும். ஏழாவது பேனரில் நம் வரப்பு அருகு. ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே, விரலால் அழுத்தி விட வேண்டும், அவ்வளவுதான். நட்ட இரண்டு வாரமும் மினி ஸ்பிரிங்க்ளரில் ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து ஐந்து நிமிஷம். என் கடைச் சரக்கு எனக்கே உதவியது அப்போதுதான்.

முதல் அடி பத்தாம் நாள் விழுந்தது. மூன்று பேனரில் கொடி மஞ்சளாகி, தோண்டிப் பார்த்தால் சாக்கடை நாற்றம். தரையைச் சமமாக, கண்ணாடி மாதிரி மட்டம் பண்ணியிருந்தேன். பெருமை வேறு. தப்பே அதுதான். நனைத்த வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள். மேலே காய்ந்துவிடும், கீழ்க்கரை மட்டும் கடைசிவரை சொதசொதவென்று இருக்கும். மணலிலும் அப்படித்தான், எங்கே மணல் முடிகிறதோ அந்த அடி விளிம்பில் தண்ணீர் தொங்கிக்கொண்டு நிற்கும். வேட்டி நீளமாக இருந்தால் பரவாயில்லை, என்னுடையது 4 சென்டிமீட்டர் கோவணம். மொத்தமும் கீழ்க்கரைதான். வேர் மூச்சுவிட இடமில்லை.

மூன்று பேனரையும் பிரித்து, தரையை டியூப் மட்டம் வைத்து நூற்றுக்கு ஒன்றரை வாட்டம் கொடுத்தேன். ஆறு மீட்டருக்கு 9 சென்டிமீட்டர். தாழ்ந்த பக்கம் ஓரத்தைத் திறந்து விட்டேன். தண்ணீர் ஊட்டுவதையும் மாற்றி, பசுமை பிடித்ததும் அடிக்கடி கொஞ்சம் என்பதை விட்டு, நாளுக்கு ஒரே முறை நன்றாக நனைத்து வடியவிட்டேன். மறுபடி நட்டதில் பத்து நாள் போனது.

இந்த வேட்டிக் கணக்கு புரிந்ததும் இன்னொன்றும் புரிந்தது. கோல்ஃப் மைதானங்களுக்கும் பெரிய அரங்கங்களுக்கும் கீழே 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்குமேல் 30 சென்டிமீட்டர் மணல் என்று போடுவார்கள். ஜல்லி எதற்கு என்று கேட்டால் தண்ணீர் வேகமாக ஓட என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பாதிதான் சரி. பொடி மணலில் இருந்து பெரிய ஜல்லிக்குள் தண்ணீர் உடனே இறங்காது. மணலின் அடிவிளிம்பில் தொங்கி நிற்கும், அளவு மீறினால்தான் கொட்டும். ஆகவே சாதாரண நாளில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பெருமழையில் அவிழ்த்துவிடும். சும்மா கிடக்கும் ஜல்லிக்குள் இத்தனை சூது.

இரண்டாவது அடி யூரியா. புல்லுக்கு மாதம் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் சுமார் 11 கிராம் யூரியா. பேனருக்கு 200 கிராம். ஆறு பேனருக்கும் சேர்த்து 1,200 கிராம் ஒரு பையில் நிறுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். தோட்டத்தில் இருந்த பெரியவர், பாவம், உதவி செய்வோம் என்று மொத்தப் பையையும் முதல் பேனரில் வீசிவிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. "நெல்லுக்கு இப்படித்தான சாமி போடுவோம்." நிலமாக இருந்திருந்தால் தண்ணீர் விட்டுக் கீழே கழுவி இறக்கியிருக்கலாம். பேனருக்கு ஏது கீழே? மூன்று நாளில் காப்பிப்பொடி நிறம். ஆறில் ஒன்று போச்சு. பிழை என்னுடையதுதான், பையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

கோரையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சலித்த செம்மண்ணிலும் கிழங்கு இருந்தது. மணலாக இருந்ததால் கிழங்கோடு முழுசாக உருவ முடிந்தது, அது ஒன்றே ஆறுதல். நெருஞ்சி ஒன்றுகூட வரவில்லை; மைதானத்தில் பந்து பஞ்சர் ஆவதில் பாதி அதனால்தான்.

போர்த் தண்ணீரில் எங்கள் பக்கம் உப்பு. வாளியில் வெள்ளையாகப் பூக்கும். பேனரில் அது வடிய வழி குறைவு என்பதால் இலை நுனி கருக ஆரம்பித்தது. மழை பெய்த வாரம் பார்த்தால் பளிச்சென்று பச்சை. அப்புறம் சித்தப்பாவின் பண்ணைக் குட்டைத் தண்ணீரையே மோட்டார் வைத்து விட்டேன்.

இதற்கு நடுவே மைதானத்தில் அடித்தள வேலை. கோல் கம்பங்களைப் பிடுங்கிப் பத்து மீட்டர் முன்னால் நட்டுவிட்டு, ஆட்டத்தை அங்கே நடத்தச் சொன்னோம். பையன்களுக்கு மைதானம் சின்னதானதில் கோல் அதிகமாக விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஐந்து வாரம் ஆனது.

தொடங்குவதற்கு முன் இரண்டு அளவு எடுத்து வைத்தேன். முதலாவது, அடிப்பகுதியை வெட்டிய பெயிண்ட் வாளியைத் தரையில் ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தது. ஒரு சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. கோல்ஃப் மணல் தரைக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் கேட்பது மணிக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர். இரண்டாவது, பந்தை 2 மீட்டர் உயரத்தில் இருந்து விட்டு எவ்வளவு எழும்புகிறது என்று சுவரில் கோடு போட்ட குச்சியோடு வீடியோ எடுத்தது. பிஃபா செயற்கைத் தரைக்கு வைத்திருக்கும் உயர்தர அளவு 60-லிருந்து 85 சென்டிமீட்டர். சிமெண்ட் தரையில் நல்ல பந்து 135 சென்டிமீட்டர் அளவில் எழும்பும். எங்கள் வடக்கு கோல், வெயில் காய்ந்த ஒரு நாளில், 118. அதாவது சிமெண்டுக்குத் தம்பி. கீப்பர் முழங்கை ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துவிட்டது. தரையின் கெட்டியை அளக்க கிளெக் சுத்தி என்று ஒன்று இருக்கிறது, 2.25 கிலோ எடையைக் குழாய்க்குள் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விட்டு, அது மோதி எவ்வளவு சடக்கென்று நிற்கிறது என்பதை உள்ளே இருக்கும் கருவி அளக்கும். இரண்டு கிலோ படிக்கல்லில் செல்போனைக் கட்டி அதே மாதிரி செய்து பார்க்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் "உங்க போனக் கட்டிக்கங்க, என் போன எடுத்தீங்க பாருங்க" என்றதால் அந்த ஆராய்ச்சி அதோடு நின்றது.

20 சென்டிமீட்டர் தோண்டினோம். கடப்பாரை போட்டால் பத்துக்கு மேல் சுக்கான் கல் தட்டியது. தோண்டி முடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, நாங்கள் வெட்டியிருப்பது தொட்டி. களிமண்ணில் குழி வெட்டி மணல் நிரப்பினால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். எனவே அடிக்கு கோல் கோட்டுப் பக்கமாக வாட்டம் கொடுத்து, கோட்டுக்குப் பின்னால் ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, துளை போட்ட நாலு அங்குல பிவிசி பைப், அதைச் சுற்றி முக்கால் ஜல்லி, அந்தப் பைப்பை ரோட்டோர ஓடைக்கு. வேலையில் பாதி இதுதான். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் மணல். இங்கேதான் கை நன்றாகச் சுட்டுக்கொண்டேன். கிருஷ்ணகிரி பக்கம் கிரஷருக்குக் குறைவில்லை, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் தாராளம். 16 சென்டிமீட்டர் நிரப்ப எனக்கு வேண்டியது நாலு யூனிட், அதாவது நானூறு கன அடி. விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு இடத்தில் கழுவாத சரக்கை எடுத்தேன். செம்மண், நார்க்கழிவு கலந்து நிரப்பி, இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டி, பெருமையாகப் படமும் எடுத்துக்கொண்டோம். புரட்டாசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் சின்ன பாக்ஸ் முழுக்கத் தாம்பாளம் மாதிரி தண்ணீர். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் ஆணி இறங்கவில்லை.

கிரஷர் தூசுதான் காரணம். ஒரு பிடியைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் எல்லாம் தெரிந்திருக்கும். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், அதற்குமேல் சாம்பல் நிறத்தில் சேறாகப் படிவது தூசு. என் ஜாடியில் மணல் மூன்று விரல், தூசு ஒரு விரல். அந்தத் தூசு மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் எல்லாம் போய் அடைத்துக்கொள்கிறது. பாதை போட அது நல்லது, நன்றாக இறுகும். புல்லுக்கு வேண்டியது எதிர்மாறு. துகள்கள் ஒரே அளவாக இருந்தால்தான் நடுவே சந்து மிஞ்சும். ஆட்டக்களங்களுக்கு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு கூடை கோலி குண்டுக்கு நடுவே தண்ணீர் ஓடும். அதில் ஒரு படி கடுகைக் கொட்டினால் ஓடுமா?

அத்தனையும் அள்ளி வெளியே போட்டோம். வீணாகவில்லை, ரோட்டில் இருந்து மைதானத்துக்கு வரும் பாதைக்கு அது அருமையாக இறுகிவிட்டது. இந்தமுறை கழுவிய பூச்சு மணல், பி-சாண்ட். டிப்பர் வந்ததும் முதலில் ஜாடி, பிறகுதான் காசு. பேனரில் போட்ட அதே விகிதத்தில் கலந்தேன். மேலே ஒரு மண், கீழே வேறு மண் என்று இருந்தால் இரண்டும் சேரும் இடத்தில் மறுபடி வேட்டிக் கதைதான்.

2024-ல் தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பையான கோபா அமெரிக்காவின் முதல் ஆட்டம் அமெரிக்காவில் அட்லாண்டாவில் நடந்தது. செயற்கைத் தரைக்கு மேல் புல்லை விரித்திருந்தார்கள். ஜெயித்த அர்ஜென்டினாவின் கீப்பர் எமிலியானோ மார்டினெஸே தரை டிராம்போலின் மாதிரி துள்ளுகிறது என்று குறை சொன்னார். மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு என் தாம்பாளம்தான் ஞாபகம் வந்தது.

ஐப்பசி நடுவில், நட்டு நூறு நாள் கழித்து, இறக்கினோம். முதல் நாள் தண்ணீர் விடவில்லை. விட்டால் எடை தாங்காது. ஈரமில்லாமலேயே சதுர மீட்டருக்கு அறுபது எழுபது கிலோ. சர்வதேச மைதானங்களில் பெரிய பெரிய சுருளாக இயந்திரத்தில் தூக்கி விரிப்பார்கள். குளிரூட்டிய லாரியில் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவார்கள். எங்களிடம் இருந்தது ஒரு டிராக்டர், எட்டுப் பையன்கள், மரம் அறுக்கும் ரம்பம். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் என்று ரம்பத்தால் அறுத்தோம். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பேனரின் பின்பக்கத்தை ஒட்டி வெள்ளை வேர் சேமியா மாதிரி பின்னிக் கிடந்தது. மணல் ஒரு பிடிகூட உதிரவில்லை. கீழ்ப்பக்கம் மணமக்கள் முகம் தரை ஈரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

நார் வலை போட்ட இரண்டு பேனரின் பாளங்கள் ஒன்றுகூட கிழியவில்லை. போடாததில் ஏழெட்டு நடுவில் பிளந்தன. பெரிய அரங்கங்களில் இயற்கைப் புல்லோடு பிளாஸ்டிக் இழையைத் தைப்பது வழக்கம். 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 18 சென்டிமீட்டர் ஆழம்வரை இறக்குவார்கள், மொத்தத்தில் ஐந்து சதவீதம்போல்தான் பிளாஸ்டிக். வேர் அந்த இழையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பூட்ஸ் கிழிக்காது. அந்த இயந்திரம் நமக்கு எட்டாது, தென்னை நார் எட்டும் என்றுதான் போட்டுப் பார்த்தேன். ஒரு வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் வேரே வலையாகிவிடும் என்பது என் கணக்கு.

செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி பதித்து, சந்தில் மணல் தூவி, டிரம் உருட்டி, தண்ணீர் விட்டோம். பத்து நாளில் ஒரு பாளத்தைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. பதினைந்தாம் நாள் கோல் கம்பம் பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு வாரமும் ராத்திரி காவல் போட்டோம், ஆட்டுக்கார அக்காவும் அந்தப் பக்கம் ஓட்டவில்லை. "இவ்ளோ காசு போட்டு புல்லு மொளைக்க வெக்கற ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

வெட்டுவதில் ஒரே விதி, ஒரு தடவையில் இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. 3 சென்டிமீட்டரில் நிறுத்த வேண்டும் என்றால் நாலரை வரும்போதே வெட்ட வேண்டும். பிரஷ் கட்டரில் ஆரம்பித்து, ஒரு மூலையை மொட்டை அடித்துவிட்டு, பிறகு கையால் தள்ளும் உருளை மெஷின் ஒன்றை இரவல் வாங்கினேன். பையன்கள் டிவியில் பார்க்கிற மாதிரி பட்டை பட்டையாக வர வேண்டும் என்றார்கள். அது இரண்டு வகைப் புல் இல்லை, ஒரே புல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதுதான். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. 18 மீட்டரில் பத்துப் பட்டை வந்தது. படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

இப்போது அளவு. வாளிச் சோதனையில் மணிக்கு 19 சென்டிமீட்டர் இறங்கியது. பந்து 2 மீட்டரில் இருந்து 76 சென்டிமீட்டர் எழும்பியது. கார்த்திகை மழைக்கு அரை மணி நேரம் கழித்துப் போனேன். தெற்கு கோல் குட்டை, வடக்கு கோலில் கால் புதையவில்லை. பின்னால் ஓடையில் பைப் வாயில் தண்ணீர் சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சரியாக வராதது ஒன்று உண்டு. வடகிழக்கு மூலையில் புளியமரம். காலை பத்து மணிவரை நிழல். யூரியாவில் ஒரு பேனர் போனதால் கைவசம் இருந்த ஏழாவது பேனரை, வரப்பு அருகை, அந்த மூலையில் போட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் இலை நீண்டு மெலிந்து, நடுவில் மண் தெரிய ஆரம்பித்தது. அருகு எந்த ரகமானாலும் வெயிலில் வாழ்வது. உலகக் கோப்பையிலும் வெயில் ஊர்களுக்குத்தான் பெர்முடா. கூரை மூடிய அரங்கங்களுக்கும் குளிர் ஊர்களுக்கும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் என்று குளிர்நாட்டுப் புல், கூடவே விளக்கு வெளிச்சமும். அந்தப் புல் எங்கள் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. மரத்தை வெட்டுகிற பேச்சே இல்லை. வருடா வருடம் ஏலம் போகிற மரம், அதோடு ஆட்டம் பார்க்கிற ஊர் முழுக்க அதன் கீழேதான் உட்காரும். அந்த மூலை வழுக்கையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோல் கிக் அடிக்கிற பையன் மட்டும் முணுமுணுக்கிறான்.

பொங்கலுக்கு மூன்று நாளில் பதினோரு ஆட்டம். இரண்டாம் நாள் சாயங்காலம் கீப்பர் நிற்கும் இடத்தில், கோட்டுக்கு முன்னால், இரண்டடி நீளம் கிழிந்துவிட்டது. மிச்சம் வைத்திருந்த பாளங்களில் இரண்டை அன்று ராத்திரியே டார்ச் வெளிச்சத்தில் வெட்டிப் பதித்து, டிரம் உருட்டினோம். மறுநாள் காலை ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு எது என்று தெரியவில்லை. எங்கள் கீப்பர் தம்பி அரையிறுதியில் அந்த இடத்தில்தான் பாய்ந்தான். பந்து உள்ளே போய்விட்டது, தோற்றோம். எழுந்து முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, ஒன்றும் ஆகவில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

இனி தெற்கு கோல். சித்தப்பா நிலத்தைத் தருகிறேன் என்றிருக்கிறார், யூரியா பையை மட்டும் அந்தத் தோட்டத்துப் பெரியவர் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார். பேனர் இன்னும் ஆறு வேண்டும். வைகாசியில் ஊரில் மூன்று கல்யாணம், ஒரு காதணி விழா. நாலு வீட்டிலும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.